அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

ஜனவரி பிறந்துவிட்டால் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பார்கள். தலைக்கவசத்தோடு வந்தவருக்கு ரோஜாப்பூ, இல்லாமல் வந்தவருக்கு அறிவுரை, இருவருக்கும் புகைப்படம். மைக் பிடிப்பவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான்: சாலை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஓட்டுகிறவனுக்குத்தான் பொறுப்பு இல்லை, அவன் திருந்தினால் விபத்து தானாகக் குறையும்.

மேடைப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நாம் எல்லோரும் நம்புவது இதைத்தான். துக்கம் கேட்க வருகிறவர் பந்தல் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்து ஆளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "பையன் ரொம்ப வேகமாப் போயிட்டானோ?" கேள்வி மாதிரி இருக்கும், உள்ளே தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும். அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எதிராளியை இளைக்க வைத்து அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சொல்வதில் பலம் இருக்கிறது. ஒரு மணி நேரம் எந்த நாற்சந்தியில் நின்றாலும் போதும்: ஒரே வண்டியில் மூன்று பேர், தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன், எதிர்த்திசையில் வருகிற ஆட்டோ, சிவப்பு விளக்கைக் கண்டுகொள்ளாத பேருந்து. அரசுக் கணக்கும் அவர்கள் பக்கம்தான். 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளில் நூற்றுக்கு 70-க்கும் மேல் 'அதிவேகம்' என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. "முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு கீறல் இல்லை, அதே ரோடுதானே?" என்று கேட்கிற மூத்தவர்களும் பொய் சொல்லவில்லை. இன்னும் கூர்மையான வாதம் ஒன்று உண்டு: பழியைச் சாலைமேல் இறக்கி வைத்துவிட்டால் நாளைக்கு எவன் பொறுப்போடு ஓட்டுவான்?

குடித்துவிட்டு நடைபாதையில் தூங்குகிறவர்கள்மேல் காரை ஏற்றியவன் சிறைக்குப் போகட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'யாரைத் தண்டிப்பது' என்பது ஒரு கேள்வி, 'அடுத்த சாவை எப்படித் தடுப்பது' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை எடுத்து இரண்டாவது கேள்விக்கு எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறோம். என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. அந்த எழுபது விழுக்காடு எங்கே பிறந்தது? காவல் நிலையத்தில், ரைட்டரின் மேசையில்.

தமிழ்நாட்டில் விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் படித்தவர்களுக்கு ஒரு தொடர் மனப்பாடமாக இருக்கும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. கார் ஆனாலும் டிராக்டர் ஆனாலும் இதே தொடர்தான். காரணம் எளிது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகள். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106. எதில் வழக்குப் பதிந்தாலும் முரட்டுத்தனமோ கவனக்குறைவோ இருந்ததாக எழுதினால்தான் பிரிவு நிற்கும். வண்டியின் வேகத்தை யாரும் அளக்கவில்லை. சக்கரம் தேய்ந்த தடத்தை நாடா போட்டுப் பார்க்கவில்லை. சட்டப்பிரிவுக்குத் தேவையான சொல் அறிக்கையில் ஏறுகிறது, அறிக்கை மாநிலக் கணக்காகிறது, மாநிலக் கணக்கு டெல்லிக்குப் போய்ப் புத்தகமாகித் திரும்பி வந்து, 'பார்த்தீர்களா, வேகம்தான் காரணம்' என்கிறது.

இறந்தவரின் குடும்பத்துக்கும் அந்தத் தொடர் தேவைப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், எதிர் வண்டியின் ஓட்டுநர்மேல் தவறு இருந்ததாகக் காட்டியாக வேண்டும். 'சாலையில் பள்ளம் இருந்தது' என்று உண்மையைச் சொன்னால் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் புன்னகைப்பார். ஆக, காவலருக்கும் வாதிக்கும் வக்கீலுக்கும் ஒரே சொல் வசதியாக இருக்கிறது. சாலைக்காகப் பேச அங்கே ஆளில்லை.

என் சித்தப்பா மகனின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சிறுபாலம் கட்டத் தோண்டிய பள்ளம். தடுப்பு இல்லை, விளக்கு இல்லை, ஒளிரும் பட்டை இல்லை. பள்ளத்துக்கு முன்னால் வேலிக்காத்தான் முள்ளை ஒரு கொத்து ஒடித்துப் போட்டிருந்தார்கள். எச்சரிக்கைப் பலகையின் இடத்தில் அதுதான் கிடந்தது. இரவு ஒன்பது மணிக்கு எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் முள் எங்கே தெரியும்? அறிக்கை சொல்கிறது: 'தனது இருசக்கர வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து தானாகவே விழுந்து'. இறந்தவனே எதிரி. சில மாதம் கழித்து இன்னொரு தாள் வந்தது: எதிரி இறந்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. முள்ளை ஒடித்துப் போட்ட கை எந்தத் தாளிலும் இல்லை. அந்த ஆண்டின் அதிவேகக் கணக்கில் அவனும் ஒரு எண்.

அமெரிக்காவிலும் இப்படி ஓர் எண் உலவியது. நூற்றுக்கு 94 விபத்துகளில் கடைசிக் காரணம் ஓட்டுநர் என்று அங்குள்ள தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015-இல் ஒரு குறிப்பு வெளியிட்டது. சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் சொல்கிறோம், இதை விபத்தின் காரணம் என்றோ யார்மேலும் பழி என்றோ கொள்ளக்கூடாது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை யார் படித்தார்கள்? 94 மட்டும் ஊர் சுற்றியது. விமர்சனம் முற்றிய பிறகு 2022-இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை அந்த எண்ணைத் தன் தளத்திலிருந்து எடுத்தது. நம் ஊர்ப் பேச்சாளர்கள் இன்னும் எடுக்கவில்லை.

2. ஓட்டுநர்தான் காரணம் என்றால், அவர்கள் எல்லோரும் ஏன் ஒரே இடத்துக்கு வந்து சாகிறார்கள்?

தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் மொத்தச் சாலைகளில் ஏறக்குறைய 2 விழுக்காடு, சாவுகளோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படும். அதை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. போக்குவரத்தும் அங்கேதான் அதிகம். எனவே அது நேர்மையான ஒப்பீடு இல்லை. ஆனால் ஒரே நெடுஞ்சாலையில், ஒரே அளவு வண்டிகள் ஓடும்போது, ஐந்நூறு மீட்டர் மட்டும் தொடர்ந்து ஆளைத் தின்கிறது என்றால் அதற்கு என்ன விளக்கம்? சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கம், வளைவு, பாரம் ஏற்றிய லாரிகள். பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்க மிதிக்கச் சூடேறிப் பிடிமானம் போகிறது. டீசலை மிச்சம் பிடிக்கச் சிலர் நியூட்ரலில் உருட்டுவார்கள். அப்போது என்ஜினும் கைகொடுக்காது. லாரி கட்டுமீறி முன்னால் போகிற கார்களை வரிசையாக நசுக்கும். வடக்கிலிருந்து வந்த ஓட்டுநர், கேரளத்து ஓட்டுநர், நாமக்கல் ஓட்டுநர் என்று ஆள் மாறுகிறார். இடம் மாறுவதில்லை. நியூட்ரலில் உருட்டுவது தவறுதான். அதே தவறை அதே ஓட்டுநர் சமவெளியில் செய்தால் சேதம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசுக்கே இது தெரியும். அதனால்தான் 'கரும்புள்ளி' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் பட்டியலில் ஏறும். இடம்தான் காரணம் என்று கோப்பில் ஒத்துக்கொள்கிற அதே அரசு, மேடையில் ஆளைத் திட்டுகிறது. நான்கே விபத்துகளில் ஒன்பது பேர் செத்த இடம் இன்னும் ஒரு சாவுக்காகக் காத்திருக்கலாம் என்பதும் இந்த வரையறையின் உபயம்.

கிராமத்து ஆட்கள் இதை வேறு மொழியில் சொல்வார்கள்: "அந்த இடம் காவு கேக்குது." அங்கே ஒரு சூலத்தை நட்டு, லாரிக்காரர்கள் நிறுத்திக் கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் நசுக்கிப் போவார்கள். படித்தவர்கள் சிரிக்கிறோம். எனக்கென்னவோ அந்த மூடநம்பிக்கை நம் புள்ளிவிவரத்தைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்பதாகப் படுகிறது. குற்றம் இடத்தில் இருக்கிறது என்பது வரை அவர்கள் சரியாக வந்துவிட்டார்கள். பரிகாரத்தில்தான் வழி தவறினார்கள்.

2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மும்பை–அகமதாபாத் சாலையில், பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் கார் மோதி இறந்தார். வேகம், பின்னிருக்கையில் போடாத பெல்ட் என்று நாடே பேசியது. இரண்டும் உண்மை. பிறகு ஒரு நிபுணர் குழு பாலத்தையே அளந்து பார்த்தது. மூன்று தடமாக வருகிற சாலை பாலத்தில் இரண்டாகக் குறுகுவதும், கைப்பிடிச் சுவர் சாலையோரத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதும் அப்போது பேசுபொருளாயின. கோடீஸ்வரர் செத்தால்தான் நாடாவோடு ஆள் வருகிறது.

3. மனிதன் தவறு செய்வான் என்பது உண்மையே. அதனால் என்ன?

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்தது. தீபாவளி நாளில் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. 'குழந்தை கவனமாக நடந்திருக்க வேண்டும்' என்று ஒருவராவது சொன்னோமா? குழியை மூடாமல் விட்டது யார் என்றுதான் கேட்டோம். ஊர்க்கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பிய நம் முன்னோர், 'பார்த்து நடக்கிறவன் விழமாட்டான்' என்று செலவை மிச்சம் பிடிக்கவில்லை. இருட்டில் வருவான், போதையில் வருவான், விளையாட்டுப் பிள்ளை ஓடி வரும் என்று எண்ணித்தான் சுவர் வைத்தார்கள். வீட்டு மின்பெட்டியில் டிரிப்பர் மாட்டுகிறோம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்ற அறிவுரையை மட்டும் நம்பி யாரும் வீட்டுக்கு மின்சாரம் இழுப்பதில்லை. சாலைக்கு வந்ததும் மட்டும் இந்தப் பொது அறிவு எங்கே போய்விடுகிறது?

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஒரு கொள்கையை ஏற்றது. சாலையில் மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாக இருக்கக்கூடாது. அதற்கேற்பச் சாலையைக் கட்டுவது கட்டுகிறவர் பொறுப்பு. அகலமான இருவழிச் சாலைகளில் நேருக்கு நேர் மோதிச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுப்பதோடு நிற்காமல், அதே அகலத்தை மூன்று தடமாகப் பிரித்து, நடுவே இரும்புக் கயிற்றுத் தடுப்பு இழுத்தார்கள். ஒரு திசைக்கு இரண்டு தடம், மறு திசைக்கு ஒன்று. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறும். தூங்கிவிட்டவனின் கார் கயிற்றில் உரசி நிற்கும். அந்தச் சாலைகளில் சாவுகள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. 1997-இல் 541 பேர் இறந்த நாட்டில் அண்மை ஆண்டுகளில் 200-க்கும் 230-க்கும் நடுவே நிற்கிறது. ஸ்வீடன்காரர்களும் தூங்கி விழுகிறார்கள்.

4. வேகம் கொல்லும் என்று நானும் சொல்கிறேன். ஆனால் வேகத்தை யார் தருகிறார்கள்?

முதலில் வேகத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் நம் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது. காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஒரு நொடியில் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற கார் அந்த ஒரு நொடியில் 17 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்திலிருந்து 80-இல் வருகிற கார்? 60 கார் நின்றுவிட்ட அந்தக் கோட்டை அது தாண்டும்போது அதன் வேகம் இன்னும் 60. முதல் ஓட்டுநர் திட்டிவிட்டுப் போகிற இடத்தில் இரண்டாமவர் கொலைகாரராகிறார். நடுவில் இருப்பது வெறும் இருபது கிலோமீட்டர். உள்ளே குளிர்சாதனமும் பாட்டும் ஓடுகிற காரில் அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியவே தெரியாது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இவ்வளவு கூர்மையான கத்தியை எங்கே வைத்திருக்கிறோம்? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நான்கு வழிச்சாலை ஒரு கிராமத்தை இரண்டாக வெட்டிப் போகிறது. மேற்கே வீடுகள், கிழக்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வயல். தடம் நேராக, அகலமாக, கண்ணுக்கெட்டிய தூரம் தடையின்றி இருக்கிறது. '40 கி.மீ.' என்று ஒரு பலகை, வேப்பங்கிளைக்குப் பின்னால். நூறில் போ என்று சாலை முழுக்கச் சொல்கிறது. நாற்பதில் போ என்று ஒரு தகரம் சொல்கிறது. ஓட்டுநர் எதைக் கேட்பார்?

அந்த முக்கில் ஒரு டீக்கடை. ஒரு நாள் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். பால்கேனோடு ஒரு அம்மா நடுத்திட்டில் ஏறி நின்றார். திட்டின் அகலம் அவர் சேலை முந்தானை காற்றில் சாலைக்குள் பறக்கிற அளவுதான். ஐந்து நிமிடம் நின்றார். ஒரு லாரி தாண்டியதும் இன்னொரு கார் வருவதற்குள் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பால் தளும்பிச் சாலையில் கோடு விழுந்தது. சுரங்கப்பாதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. மழை பெய்தால் அதில் தவளை கத்தும். டீக்கடையிலிருந்து இருநூறு மீட்டரில் அதே பக்கம் பெட்ரோல் பங்க் இருக்கிறது, ஆனால் பின்னால். முறைப்படி போனால் முன்னே போய்த் திரும்பி, பின்னே போய்த் திரும்பி, மூன்றரைக் கிலோமீட்டர். எல்லோரும் எதிர்த்திசையில் இருநூறு மீட்டர் போகிறார்கள். நாளைக்கு அடிபட்டால் 'எதிர்த்திசையில் வந்த அஜாக்கிரதை' என்று எழுதப்படும். சைக்கிளும் டிவிஎஸ் எக்ஸெல்லும் வைத்திருக்கிற ஊருக்கு நடுவே, கார் வைத்திருப்பவனின் வசதிக்குச் சாலை போட்டவரின் ஜாக்கிரதை பற்றி எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

5. விழிப்புணர்வு எங்கே வேலை செய்தது, காட்டுங்கள்.

2022-இல் தலைக்கவசம் இல்லாமல் இந்தியாவில் 50,029 பேர் இறந்தார்கள். தலைக்கவசம் உயிர் காக்கும் என்று தெரியாமலா? எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூலை முதல் தேதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. போடாவிட்டால் வண்டியையும் ஆவணங்களையும் பிடிப்பார்கள் என்றதும் கடைவாசலில் வரிசை நின்றது, சாலையோரத்தில் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தலைக்கவசம் என்று விற்றார்கள். சோதனை தளர்ந்ததும் அது தலையிலிருந்து பெட்ரோல் டேங்குக்கு இறங்கியது. இதில் விழிப்புணர்வுக்கு என்ன வேலை? பிடிபடுவோம் என்ற உறுதி இருந்தவரை போட்டார்கள். சட்டத்தை இடைவிடாமல் நடைமுறைப்படுத்துவது அரசின் வேலை. அது சலிப்பான, செலவான வேலை. ரோஜாப்பூ மலிவு.

குடி விஷயத்தில் இன்னும் வேடிக்கை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. சாலைக்குப் பக்கத்தில் கடை இருந்தால் சாலையில் குடி இருக்கும் என்ற எளிய தர்க்கம். நாட்டின் பல மாநிலங்கள் என்ன செய்தன? கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை மாற்றுவது சுலபம் என்று கண்டுபிடித்து, ஊருக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்ற முனைந்தன. பிறகு 'குடித்துவிட்டு ஓட்டாதீர்' என்று பலகை வைத்தார்கள்.

6. இந்தக் கருத்தால் யாருக்கு லாபம்?

விடிகாலை மூன்று மணிக்கு நின்றிருந்த லாரியின் பின்னால் இன்னொரு லாரி மோதுகிறது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார், அஜாக்கிரதை. அவர் எத்தனை மணி நேரமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம் என்றது. அந்தக் கணக்கை லாரிப் பேட்டையில் சொல்லிப் பாருங்கள், டீ வாங்கித் தருவார்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி; சீக்கிரம் போனால்தான் அடுத்த நடை. முன்பு இரண்டு ஓட்டுநர், ஒரு கிளீனர். இப்போது பல வண்டிகளில் ஒற்றை ஆள். இரும்புக் கூண்டுக்குள் என்ஜின் சூட்டில் பகல் முழுக்க வெந்தவன். லாரி கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்பதே 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் வண்டிகளுக்குத்தான். நின்றிருந்த லாரியும் ஏன் தடத்தில் நின்றது? ஒதுங்கி நிற்க இடம் கட்டப்படவில்லை. 'அஜாக்கிரதை' என்ற ஒரு சொல் சரக்கு அனுப்பியவர், வண்டி முதலாளி, சாலை கட்டியவர், பரிசோதிக்காமல் விட்டவர் எல்லோரையும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக விடுகிறது.

சட்டத்தின் தராசையும் பாருங்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி தகப்பனுக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. அதே திருத்தம் 198ஏ என்று இன்னொரு பிரிவையும் கொண்டுவந்தது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைப் பின்பற்றாமல் விட்டு, அதனால் உயிர் போனாலோ உறுப்பு போனாலோ, பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. சிறை கிடையாது. பையனிடம் சாவி கொடுத்த அப்பாவுக்குச் சிறை. பள்ளத்தின் முன் முள்ளைப் போட்டவருக்கு, அதுவும் நிரூபணமானால், சிறுபாலத்தின் சிமெண்ட் செலவில் அடங்குகிற தொகை. சாலைக்கும் குற்றம் உண்டு என்று சட்டம் 2019-இல் ஒருவழியாகக் கண்டுகொண்டது. ஸ்டேஷன் ரைட்டர் இன்னும் கண்டுகொள்ளவில்லை. உங்களுக்குத் தெரிந்த எந்த அறிக்கையிலாவது அந்தப் பிரிவைப் பார்த்ததுண்டா?

7. "அங்கெல்லாம் ஜனங்களுக்கு ஒழுக்கம் இருக்கு சார்."

1972-இல் நெதர்லாந்தில், சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம் மக்களைக் கொண்ட சின்ன நாட்டில், 3,264 பேர் சாலையில் செத்தார்கள். அவர்களில் பல நூறு பேர் குழந்தைகள். அன்றைக்கும் அவர்கள் டச்சுக்காரர்கள்தான். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். அரசு தெருக்களை மாற்றிக் கட்டத் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு எழுநூறைச் சுற்றி. நம்மவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: இங்கே எதிர்த்திசையில் வந்த அதே ஆள் சிங்கப்பூரில் இறங்கிய மறுநாள் கோட்டுக்குள் நிற்கிறான். விமானத்தில் நான்கு மணி நேரத்தில் ரத்தம் மாறிவிட்டதா?

பொறுப்புணர்வு போய்விடும் என்ற அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவர் இருக்கிறது என்பதற்காகக் கிணற்றுக்குள் குதித்துப் பார்த்தவர் உண்டா? முப்பது வருடம் கீறலில்லாமல் ஓட்டிய பெரியவரிடம் மரியாதையோடு ஒன்று: ஐயா, கீறல் விழுந்தவர்களில் பலர் உங்களோடு வாதாட இன்று இல்லை.

இந்த மாநிலத்துக்கு நான் சொல்வது புதிதும் இல்லை. உடைந்த எலும்பைச் சேர்த்துக்கொண்டிருந்த கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் நாடு முழுமைக்கும் ஒரு சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. எந்த ஊர், எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. யார்மேல் தவறு என்றும் கேட்பதில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கத் தெரிந்த அரசுக்கு, அவன் ஸ்ட்ரெச்சருக்கு வருமுன் கேட்காமல் இருக்கத் தெரியவில்லை.

டீக்கடை முக்கில் நான்கு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடம் போன ஒரு சிறுமி அடிபட்டு இறந்தாள். அன்று ஊரே சாலையில் உட்கார்ந்துவிட்டது. வட்டாட்சியர் வந்தார், காவல்துறை வந்தது. ஜனங்கள் உறுதிமொழி கேட்கவில்லை, துண்டுப்பிரசுரம் கேட்கவில்லை. வேகத்தடை கேட்டார்கள். இரவோடு இரவாகப் போட்டார்கள். "அதுக்கப்புறம் ஒரு சாவு இல்ல சார்" என்றார் கடைக்காரர், கிளாஸை அலசிக்கொண்டே. "சூலத்தைக் கூடப் பிடுங்கிக் கோயில்ல வச்சிட்டோம்."

போன மாதம் புதுத் தார் ஓடவிட்டபோது வேகத்தடையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இந்த ரகச் சாலையில் அது இருக்கக் கூடாதாம், விதி. அதற்குப் பதிலாக வேறெதுவும் கட்டவில்லை. கடையை ஒட்டிய மண்மேட்டில் சூலம் திரும்பி வந்திருக்கிறது. அதனடியில் ஒரு குடம் தண்ணீரும், கிழித்து மடித்த பழைய வேட்டியும் எடுத்து வைத்திருக்கிறார் கடைக்காரர்.